தனித்தட்டு

கல்யாணத்துக்குப் புறப்படுகிற பெண்கள் கைப்பையில் என்னென்னவோ எடுத்து வைப்பார்கள். சலீமா பீவி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தாள். பெரிய தட்டுகூட இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சோறு போடுகிற அளவுதான். அதைப் பூப்போட்ட துண்டில் சுற்றிப் பையின் அடியில் செருகினாள். மேலே ஒரு டப்பாவில் அவித்த கொண்டைக்கடலையை வைத்து ஜிப்பை இழுத்தாள்.

கண்ணாடி முன்னால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அபுல் ஹசன் இதைப் பார்த்துவிட்டார். பதினேழு வருடம் குவைத்தில் லாரி ஓட்டியவர். இப்போது சிதம்பரம் மேலவீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். பாலைவனத்தில் தன்னந்தனியாக வண்டி ஓட்டியபோதுகூடப் பயப்படாத மனிதருக்குக் கடலூரில் இருக்கும் தன் அக்காவை நினைத்தால் இன்றைக்கும் பயம்தான்.

"சலீமா, இன்னிக்கி ஒரு நாளைக்கித்தான. அத வச்சிட்டு வாயேன்."

"ஒரு நாளைக்கித்தான, ஒரு நாளைக்கித்தானன்னுதாங்க ஒரு வெரலு போச்சி. பஸ்ஸுக்கு நேரமாவுது, வாங்க."

அது 2009ஆம் வருடம், மே மாதம். அவர்கள் போவது அந்த அக்காவின் மகன் தவ்ஹீதின் கல்யாணத்துக்கு, கடலூர் முதுநகருக்கு.

விரல் போனது அதற்கு முந்தின நோன்பு மாதத்தில். இடது காலில் சுண்டுவிரலுக்கு அடுத்தது. செருப்பு கடித்த புண்தானே என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு திரிந்தாள். செருப்புக் கடைக்காரர் பெண்டாட்டியைச் செருப்பே கடித்துவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புண் கறுத்து, விரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "சுகர் இப்படியே இருந்தா அடுத்தது பாதம். அப்புறம் முழங்கால். நாப்பத்தேழு வயசுதான் ஆவுது உங்களுக்கு. பாத்துக்குங்க."

சலீமாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய லாத்தா, கூடப் பிறந்த அக்கா, இதே வரிசையில்தான் போனாள். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால், பிறகு ஆளே. கடைசி வருடம் லாத்தாவைத் தூக்கி உட்கார வைத்ததும் கழுவி விட்டதும் சலீமாதான். "நின்னு ரெண்டு ரக்கஅத்து தொழணும்டி, முடியலியே" என்று லாத்தா அழுதது அவள் காதில் இன்னும் இருக்கிறது. அந்த அழுகையை நான் அழ மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சலீமா முடிவு கட்டிவிட்டாள். ஒன்பது விரலை ஊன்றி நின்று தொழுவது, ஒன்பது விரலோடுதான் கபுருக்குப் போவது.

முடிவு கட்ட ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு வருகிற சாப்பாட்டு வேளைகள்தான் ஆளைச் சோதிக்கும். சலீமா சோதனைக்கு அஞ்சுகிறவள் இல்லை. தேத்தண்ணியில் சீனி போடுவதை நிறுத்தினாள். மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். சோற்றைக் குறைத்தாள். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால், சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

டாக்டரம்மா காகிதத்தை மேசையில் போட்டாள். "பொய் சொல்லாதீங்கம்மா. நீங்க நல்லா சாப்பிடுறீங்க."

"அல்லா மேல ஆணையா நாலு பிடிதான் சாப்புடறேன்."

"அப்ப அந்த நாலு பிடியும் யானைப் பிடியா இருக்கும்."

வாழ்க்கையில் யாரும் சலீமாவைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. கால் போய்விடும் என்ற பயத்தைவிட அந்த ஒரு சொல்தான் அன்றைக்கு அதிகமாக எரிந்தது.

உண்மையில் அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்துகொண்டிருந்தாள். அவர்கள் சஹனில் சாப்பிடுகிறவர்கள். சஹன் என்பது ஒரு பெரிய தாம்பாளம். நடுவில் நெய்ச்சோறு, அதன் மேல் கறி, பக்கத்தில் தாளிச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் கைக்கு எட்டுகிற பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். கல்யாணம், வலீமா, பெயர் வைப்பு, கத்தம் என்று எதுவானாலும் சஹன்தான். வீட்டுப் பெண்கள் மத்தியானத்தில் சாப்பிடுவதும் அப்படித்தான்.

தன் பக்கத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சலீமா தன் சாப்பாட்டை அளந்துகொண்டிருந்தாள். அவள் பக்கம் எப்போதுமே குறையவில்லை. எப்படிக் குறையும்? எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நல்ல கறித்துண்டாகப் பொறுக்கி, நெய் ஊறிய சோற்றைச் சேர்த்து, அவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பிரியத்தை வாயால் சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கையால்தான் தள்ளுவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவள் மகள் ஷாசியா. காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். அவளுடைய மாமி, அபுல் ஹசனின் அக்கா, கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு மத்தியானம், தனக்குப் பசி இல்லை என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து, உம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படிக்கு வந்தாள்.

"ம்மா, ஒங்க பக்கம் பதினோரு தடவ மாமி தள்ளுனாங்க. நீங்க சாப்புட்டது நாலு பிடியில்ல, பதினஞ்சி பிடி."

சலீமா கையைத் துடைத்தாள். பிறகு பரணிலிருந்து ஷாசியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பிட்ட தட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். அன்று இரவிலிருந்து அதுதான் அவளுடைய தட்டு. பாதித் தட்டுக்குக் காய், ஒரு கை சோறு, ஒரு துண்டு கறியோ மீனோ. தட்டு காலியானால் கை கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஷாசியா காலண்டரை எடுத்து, ஒரு பெருநாளிலிருந்து அடுத்த பெருநாள் வரைக்கும் போன விருந்துகளை எண்ணினாள். வருடத்துக்கு அறுபத்தொரு "ஒரு நாள்" இருந்தது.

நடையும் அப்போதுதான் ஆரம்பித்தது. காலுக்கு அளவெடுத்து மெத்து வைத்துத் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பி, கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு வீதியையும் ஒரு சுற்று சுற்றுவாள். முதல் வாரத்தில் வடக்குவீதி தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. பள்ளிவாசலில் யாரோ அபுல் ஹசனிடம், "ஒங்க வூட்டம்மா வெள்ளன தனியா வீதியில போறாங்களே" என்று கேட்டுவிட்டார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"தனியா போறதுதான் குத்தம்னா நீங்களும் வாங்க."

அவர் இரண்டு நாள் கூடப் போனார். மூன்றாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கேள்வியும் அத்தோடு தூங்கிப்போனது.

ஏப்ரல் மாதம் சர்க்கரை நூற்றெண்பதுக்கு வந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். "நான் பொய் சொல்றதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சலீமா எழுந்து வந்தாள். தட்டும் கல்யாணத்துக்கு வருகிறது என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

முதுநகர் மண்டபத்தில் ஆண்களுக்குக் கீழே, பெண்களுக்கு மாடியில் பந்தி. பாய் விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, வரிசையாகச் சஹன் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ரஹ்மத்து நாச்சியா பட்டுப்புடவையில் நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். அபுல் ஹசனின் அக்கா அவள்தான். கஷ்டப்பட்டு இறுகிப்போனவளில்லை. பிறந்ததிலிருந்தே அதிகாரம் செய்து பழகியவள், அவ்வளவுதான். அதே சமயம் சலீமா விரலை எடுத்துக்கொண்டு படுத்திருந்தபோது பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வா சலீமா, ஒன் எடம் இங்க."

முதல் சஹன், சம்மந்திச் சஹன். பெண்ணின் தாய், பெண்ணின் பெரியம்மா, ரஹ்மத்து நாச்சியா, நாலாவதாகத் தம்பி பெண்டாட்டி சலீமா. இந்த நாலு பேரும் ஒரே சஹனில் கை வைத்தால்தான் இரண்டு குடும்பமும் ஒன்றானதாகக் கணக்கு. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது.

சலீமா உட்கார்ந்தாள். பிஸ்மி சொன்னாள். பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். சஹனிலிருந்து கரண்டியால் ஒரு கை சோறும் நிறையப் பச்சடியும் ஒரு துண்டு கறியும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பெண்ணின் தாய் தட்டைப் பார்த்தாள், பிறகு ரஹ்மத்து நாச்சியாவைப் பார்த்தாள். ரஹ்மத்து நாச்சியாவின் வீட்டு வழக்கத்தில் தனித்தட்டு இரண்டு பேருக்குத்தான் வைப்பார்கள். ஒட்டிக்கொள்கிற சீக்கு வந்தவர்களுக்கு, இல்லாவிட்டால் உறவை அறுத்துக்கொண்டவர்களுக்கு.

"இன்னாடி இது?" என்றாள் குரலை அடக்கி. "புது சம்மந்திங்க முன்னாடி இன்னா கூத்து இது? எடு அத."

"மச்சி, நான் ஒங்களோடதான உக்காந்திருக்கேன். இதே சஹன்லேருந்துதான எடுத்தேன். அளவு தெரியணும்னுதான் தட்டு."

"சஹன்ல அளவு இன்னா அளவு? சஹன்ல ஒன் சோறு, என் சோறுன்னு கெடையாது. எல்லாம் ஒரே சோறுதான். அதுலதான் அல்லாவோட பரக்கத்து."

"பரக்கத்து எனக்கும் தெரியும் மச்சி. நீங்க பாசமாத்தான் தள்ளுறீங்க, அதும் தெரியும். அந்தப் பாசத்துலதான் என் வெரலு போச்சி. மிச்சம் ஒம்பது இருக்குது. அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பக்கத்துச் சஹன்களில் பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைதிதான் ரஹ்மத்து நாச்சியாவைப் பொங்க வைத்திருக்க வேண்டும். கையை நீட்டித் தட்டைத் தூக்கினாள். சோறு, பச்சடி, கறி எல்லாவற்றையும் சஹனுக்குள் திரும்பக் கொட்டினாள். காலித் தட்டைச் சலீமாவின் மடியில் போட்டாள்.

"எங்களோட சாப்புடறதா இருந்தா சாப்புடு. இல்லாட்டி எழுந்து போ."

சலீமாவின் முகம் சிவந்துவிட்டது. நூறு பெண்கள் பார்க்க இப்படி ஒரு அவமானம் அவளுக்கு நடந்ததே இல்லை. சஹனில் கை வைத்தால் எல்லாம் ஒரு நொடியில் சரியாகிவிடும். நாலு வாய் சாப்பிட்டால் நாத்தனார் சிரிப்பாள், கணவர் நிம்மதியாக மூச்சு விடுவார். ஒரு நாளைக்குத்தானே.

அந்த வார்த்தை மனதில் வந்ததும் எழுந்துவிட்டாள். தட்டைத் துண்டால் துடைத்துப் பையில் வைத்தாள். அடுத்த சஹனிலிருந்து ஷாசியாவும் எழுந்தாள். "நீ உக்காந்து சாப்புடு. கல்யாண வூட்லேருந்து பசியோட ஒரு ஆளு போனா போதும்" என்று மகளை உட்கார வைத்தாள். சம்மந்தியம்மாவைப் பார்த்து, "ஒங்க மேல ஒண்ணும் கோவமில்லங்க, புள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

கீழே அபுல் ஹசன் ஆண்கள் பந்தியில் இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. மண்டபத்திலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மே மாத வெயிலில் நடந்தே போனாள். ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தத் தூரத்துக்கு ஆட்டோ தேடியிருப்பாள். சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் வரும்போது பசி தாங்கவில்லை. டப்பாவைத் திறந்து கொண்டைக்கடலையைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். புதுச்சத்திரம் தாண்டும்போது அழுதாள், நன்றாகவே அழுதாள். சாப்பிட்டுக்கொண்டேதான் அழுதாள், தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ரஹ்மத்து நாச்சியா தம்பி வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. போனில் பேசினால் தம்பியோடு மட்டும். சொந்தக்காரர்களிடம், "அவ பெரிய டாக்டருக்குப் படிச்சவ, நம்ம சோறு அவளுக்கு ஆவாது" என்று சொல்லி அனுப்புவாள். விசேஷ வீடுகளில் சலீமாவுக்குத் "தட்டுக்காரி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். தட்டுக்காரி எல்லா விசேஷத்துக்கும் போனாள். ஓரமாக உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். நடுவில் உட்கார்ந்து, சஹனுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு, எல்லாரோடும் பேசிச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

தோற்ற நாளும் உண்டு. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று அடுப்படியில் நின்றபடியே மூன்று கிண்ணம் இனிப்புப் பீர்னியை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் காலையில் கால் வலித்தாலும் பரவாயில்லை என்று நான்கு வீதியையும் இரண்டு சுற்று சுற்றினாள். டாக்டரம்மாவிடம் போய், கேட்பதற்கு முன்னாலேயே மூன்று கிண்ணம் என்று சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். கால் தப்பித்தது. மழைக்காலம் இரண்டு வந்து போயும் ஒரு கீறல் விழவில்லை.

2011இல் ஷாசியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாமி வராமல் கல்யாணமா என்று அபுல் ஹசன் கடலூருக்குப் போய் அழைத்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"வர்றேங்குது. ஆனா ஒண்ணு. அதோட நீ ஒரே சஹன்ல உக்காரணுமாம்."

"உக்கார்றேன்னு சொல்லுங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா?"

"உக்கார்றேன்னுதான சொன்னேன்" என்றாள் சலீமா. அவர் செருப்பைக் கழற்றினார். "அக்காவுக்குக் கால்ல கட்டுப் போட்டிருக்கு. முள்ளு குத்துனதுங்குது. சுகராம், மூணு வருஷமா யாருக்கும் சொல்லலியாம்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

சலீமா அன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யவில்லை. மூன்று வருடம் என்றால், முதுநகர் மண்டபத்தில் தட்டைக் கவிழ்த்த அன்றைக்கே ரஹ்மத்து நாச்சியாவுக்கும் சர்க்கரை இருந்திருக்கிறது.

கல்யாணத்தன்று சிதம்பரம் மண்டபத்தில் ரஹ்மத்து நாச்சியா நொண்டிக்கொண்டு வந்தாள். புடவையைத் தழைய விட்டுக் கட்டை மறைத்திருந்தாள். முதல் சஹனில் தனக்கான இடத்தில் உட்கார்ந்து, எதிர் இடத்தைக் காட்டினாள். மாப்பிள்ளையின் தாயும் அவள் வீட்டுப் பெண் ஒருத்தியும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். சலீமா வந்து உட்கார்ந்தாள். பையைத் திறந்தாள். அதே தட்டுதான் வந்தது.

"வச்சிட்டியா திரும்பவும் அத" என்றாள் ரஹ்மத்து நாச்சியா.

"உக்கார்றேன்னு சொன்னேன் மச்சி, உக்காந்துட்டேன். ஒங்களுக்கும் ஒண்ணு கொண்டாரட்டுமா?"

"எனக்கெதுக்கு? நான் சீக்காளியா?" சொல்லிக்கொண்டே காலைப் புடவைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். வீம்பாக ஒரு பெரிய கறித்துண்டைச் சோற்றோடு தன் பக்கம் இழுத்தாள்.

சலீமா கையை நீட்டினாள். நாத்தனார் முன்னாலிருந்த சோற்றை அணைத்து, கறித்துண்டையும் சேர்த்துச் சஹனின் நடுவுக்குத் தள்ளினாள். அங்கே ஒரு கை சோறும் ஒரு சின்னத் துண்டும் மட்டும் விட்டாள். பச்சடிக் கிண்ணத்தை எடுத்து அதன் பக்கத்தில் கவிழ்த்தாள்.

ரஹ்மத்து நாச்சியாவின் கண் அகன்றது. "என் சோத்துல கை வைக்கிறியா நீ?"

"சஹன்ல ஒங்க சோறு எது, என் சோறு எது மச்சி? எல்லாம் ஒரே சோறுன்னு நீங்கதான சொன்னீங்க? இத்தினி வருஷம் நீங்க என் பக்கம் தள்ளுனீங்க. இனிமே நான் ஒங்க பக்கத்துலேருந்து எடுப்பேன். எங்க லாத்தா காலக் கழுவுன கை இது. ஒங்க காலக் கழுவ மாட்டேன். சொல்லிட்டேன்."

ரஹ்மத்து நாச்சியாவின் கை மறுபடி நடுவுக்குப் போனது. சலீமாவின் கை குறுக்கே வந்தது. இன்னொரு தடவை போனது, இன்னொரு தடவை வந்தது. மாப்பிள்ளையின் தாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ரஹ்மத்து நாச்சியாவின் உதடு துடித்தது. திட்டத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"ராத்திரி எரியுதுடி காலு" என்றாள் மெல்ல. "யாருகிட்ட சொல்றது?"

"நாளைக்கிக் காலையில டாக்டரம்மாகிட்ட போறோம். இப்ப அத சாப்புடுங்க."

"இன்னிக்கிக் கல்யாணம்டி. ஒரு நாளைக்கித்தான..."

"இல்ல" என்றாள் சலீமா. தன் இடது கையால் நாத்தனாரின் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கை சஹனின் நடுவிலேயே இருந்தது. ரஹ்மத்து நாச்சியா முன்னாலிருந்த ஒரு கை சோற்றைப் பச்சடியோடு பிசைந்து, ஆறிப்போகும் வரைக்கும் மெதுவாகச் சாப்பிட்டாள். அது தீர்ந்ததும் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டாள்.